ஸ்டீல் கிட்டார் இல்லாத கன்ட்ரி: ரே சார்ல்ஸின் 1962 ஆல்பம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஏ.பி.சி.-பாரமவுண்ட் என்ற அமெரிக்க ரெக்கார்டு கம்பெனியின் தயாரிப்பாளர் சிட் ஃபெல்லருக்கு ஒரு நாள் பாடகர் ரே சார்ல்ஸிடமிருந்து ஃபோன் வந்தது. நல்ல கன்ட்ரிப் பாட்டுகளாகப் பார்த்துச் சேகரித்துக் கொடு, ஒரு முழு ஆல்பம் போடப் போகிறேன் என்றார் ரே. ஃபெல்லருக்குத் திகைப்பு. கறுப்பினத்தவரின் ரிதம் அண்ட் ப்ளூஸில் முதல் வரிசையில் நின்ற பாடகர் வெள்ளைக்காரக் குடியானவர்களின் பாட்டைக் கேட்கிறார் என்றால் யாருக்குத்தான் திகைப்பு வராது. ஆனாலும் ஃபெல்லர் மறுக்கவில்லை. கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் இருந்த பாட்டுப் பதிப்பகங்களிடம் கேட்டு நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளை டேப்பில் ஏற்றி அனுப்பினார். அதில் பன்னிரண்டை ரே பொறுக்கி எடுத்தார்.

அந்தப் பன்னிரண்டும் 1962 ஏப்ரலில் 'மாடர்ன் சவுண்ட்ஸ் இன் கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் மியூசிக்' என்ற எல்.பி.யாக, அதாவது முழு நீளத் தட்டாக, வந்தன. இசை விற்பனையைப் பட்டியல் போடும் பில்போர்டு பத்திரிகையின் மோனோ (ஒற்றைத் தட ஒலி) எல்.பி. பட்டியலில் அது 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதிலிருந்து வந்த 'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ' சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு), பாப் பட்டியலில் 5 வாரம், ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 10 வாரம் முதலிடம். ஜூலையில் பிரிட்டனிலும் முதலிடம்.

ஒரு வெற்றிப்படக் கதையாக இதைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். துணிச்சல், மேதைமை என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. துணிச்சலான பாடகர்கள் அந்தக் காலத்தில் நிறையவே இருந்தார்கள், அவர்களால் ஏன் இதைச் செய்ய முடியவில்லை? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேயிடம் இரண்டு இருந்தன. ஒன்று, சின்ன வயதிலேயே காதில் ஏறிய கன்ட்ரி. இன்னொன்று, என்ன பாடுவது என்பதில் யாரும் குறுக்கே வர முடியாத ஓர் ஒப்பந்தம். இரண்டில் எது இல்லாவிட்டாலும் இந்த ஆல்பம் இல்லை.

சனிக்கிழமை ராத்திரி வானொலி

ரே பிறந்தது 1930இல், ஜார்ஜியாவின் ஆல்பனியில். வளர்ந்தது ஃப்ளோரிடாவின் கிரீன்வில் என்ற சிற்றூரில். ஏழு வயதுக்குள் பார்வை முழுதாகப் போய்விட்டது. அந்த ஊரில் வைலி பிட்மன் என்பவரின் ரெட் விங் கஃபேயில் பியானோ ஒன்று இருந்தது, ரேயின் விரல்கள் முதலில் பழகியது அதில்தான். கோயிலில் காஸ்பல் என்ற கிறிஸ்தவப் பாட்டு, கஃபேயில் பூகி-வூகி என்ற வேகமான பியானோ ப்ளூஸ், சனிக்கிழமை ராத்திரி வானொலியில் நாஷ்வில்லிலிருந்து ஒலிபரப்பாகும் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி நிகழ்ச்சி. சீக்கிரம் படுக்கச் சொல்லும் அம்மா அந்த ஒரு ராத்திரி மட்டும் விழித்திருக்க விட்டாராம். பின்னாளில் எத்தனையோ பேட்டிகளில் ரே இதைச் சொல்லியிருக்கிறார்.

பார்வையில்லாத ஒரு சிறுவனுக்கு அந்த வானொலி என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பாடுகிறவரின் தோல் நிறம் தெரியாது. தெரிவது குரல், அந்தக் குரல் சொல்லும் கதை. கன்ட்ரிப் பாட்டில் கதைதான் முதலில். மனைவி போய்விட்டாள், வேலை போய்விட்டது, நண்பனின் மனைவி மேல் ஆசை வந்துவிட்டது என்று பூசி மெழுகாமல் சொல்லிவிடும். ப்ளூஸும் அப்படித்தான். இரண்டும் ஒரே மண்ணில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் விளைந்தவை. ஹாங்க் வில்லியம்ஸ் என்ற கன்ட்ரி மேதைக்குச் சிறுவயதில் கிட்டார் சொல்லிக் கொடுத்தவர் ரூஃபஸ் பேய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். கன்ட்ரியின் அடையாளமாக எல்லோரும் நினைக்கும் பாஞ்ஜோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு வந்த வாத்தியத்தின் வாரிசு.

ஆக, பிரித்தது யார்? ரெக்கார்டு கம்பெனிகள். 1920களில் கறுப்பினத்தவருக்கு விற்கும் தட்டுகளை 'ரேஸ்' என்றும், தெற்கத்தி வெள்ளையர்களுக்கு விற்பதை 'ஹில்பில்லி' என்றும் தனித்தனியாகப் பட்டியல் போட்டார்கள். 1949 ஜூனில் பில்போர்டு பத்திரிகை அந்தப் பெயர்களைக் கொஞ்சம் மரியாதையாக மாற்றியது. ஒன்று 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' ஆனது, இன்னொன்று 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' ஆனது. ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற பெயரைக் கொடுத்த பத்திரிகையாளர் ஜெர்ரி வெக்ஸ்லர், பிறகு அட்லாண்டிக் கம்பெனிக்குப் போய் ரே சார்ல்ஸின் தயாரிப்பாளர்களில் ஒருவரானார். சுவருக்குப் பெயர் எழுதிய ஆளும் அதைத் தாண்டிய ஆளும் பல வருஷம் ஒரே ஸ்டூடியோவில் வேலை செய்திருக்கிறார்கள்.

ரே அந்தப் பக்கத்தை வானொலியில் மட்டும் கேட்டவர் இல்லை. அம்மா இறந்தபோது அவருக்கு 14 வயது. பள்ளியை விட்டுவிட்டு ஃப்ளோரிடாவின் ஊர்களில் கிடைத்த வேலைக்கெல்லாம் பியானோ வாசித்தார். டாம்பாவில் ஃப்ளோரிடா ப்ளேபாய்ஸ் என்ற வெள்ளைக்காரக் கன்ட்ரிக் குழுவிலும் வாசித்தார். இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த மாநிலத்தில், 1940களின் பிற்பகுதியில், இது சாதாரண விஷயமில்லை. 1962இல் அவர் கன்ட்ரிப் பாட்டைக் கையில் எடுத்தபோது அவருக்கு அது அந்நிய சரக்கு இல்லை. அட்லாண்டிக்கை விட்டுக் கிளம்புவதற்கு முன் 1959இல் ஹாங்க் ஸ்னோவின் கன்ட்ரிப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்து பார்த்திருந்தார். அட்லாண்டிக்கிலேயே சாலமன் பர்க் 1961இல் ஒரு கன்ட்ரிப் பாட்டைப் பாடி வெற்றி கண்டிருந்தார். அதனால் ரேதான் முதல் ஆள் என்று நான் எழுத மாட்டேன். ஒரு தனிப்பாட்டை முயன்று பார்ப்பது வேறு, ஒரு முழு எல்.பி.யையே அதற்கு ஒப்புக்கொடுத்து அட்டையிலும் கன்ட்ரி என்று போடுவது வேறு.

ஒப்பந்தம்

இந்தப் பகுதியைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1959 முடிவில் ரே அட்லாண்டிக்கை விட்டு ஏ.பி.சி.-பாரமவுண்டுக்குப் போனார். அவருடைய 'வாட்'ட் ஐ ஸே' பாட்டு பெரிய வெற்றி கண்ட கையோடு நடந்த பேரம் அது. தயாரிப்பாளர் என்ற முறையில் லாபத்தில் டாலருக்கு 75 சென்ட் அவருக்கு. அதைவிடப் பெரிது, சில வருஷம் கழித்து மாஸ்டர் டேப்புகளின், அதாவது மூலப் பதிவுகளின் உரிமை அவரிடமே திரும்பி வரும் என்ற நிபந்தனை. அன்றைக்கு வெள்ளைக்காரப் பெரும்பாடகர்களிலேயே அது கிடைத்தவர்கள் மிகக் குறைவு. எதைப் பாடுவது, எப்படிப் பாடுவது என்ற முடிவும் அவர் கையில்.

கன்ட்ரி ஆல்பம் என்றதும் கம்பெனிக்கு விருப்பமில்லை. சேர்த்து வைத்த ரசிகர்கள் விலகிப் போவார்கள் என்று பயந்தார்கள். இது முட்டாள்தனமான பயம் இல்லை, வியாபாரக் கணக்கு. கறுப்பினத்தவர் கேட்கும் வானொலி நிலையங்கள் கன்ட்ரி போடாது, கன்ட்ரி நிலையங்கள் கறுப்பினப் பாடகரைப் போடாது. இரண்டு பக்கமும் இல்லாமல் போய்விடும். வேறு பாடகராக இருந்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். ரேயை அவர்கள் தடுக்க முடியாது, தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது.

அப்போது அவருடைய சொந்த நிலைமையும் அவ்வளவு நன்றாக இல்லை. 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' 1960இலும் 'ஹிட் த ரோட் ஜாக்' 1961இலும் பாப் பட்டியலில் முதலிடம் தொட்டவை, அது உண்மை. ஆனால் 1961 நவம்பரில் இண்டியானாபோலிஸில் ஹெராயின் வழக்கில் கைதானார். செய்தித்தாள்களில் படத்தோடு வந்தது. வாரண்ட் இல்லாமல் போலீஸ் அறைக்குள் நுழைந்தது என்பதால் வழக்கு நிற்கவில்லை. ஸ்டூடியோவுக்குள் போனது அதற்கு மூன்று மாதம் கழித்து. அந்த நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் பழகிய பாதையில் பத்திரமாக நடக்கவே பார்த்திருப்பார்கள்.

மூன்று நாள் பதிவு

பிப்ரவரி 5, 7 தேதிகளில் நியூயார்க்கில் கேபிடல் ஸ்டூடியோ. 15ஆம் தேதி ஹாலிவுட்டில் யுனைடெட் ஸ்டூடியோ. மொத்தமே இவ்வளவுதான். நியூயார்க்கில் பித்தளை வாத்தியங்கள் முழங்கும் பெரிய ஜாஸ் பேண்ட், அதற்கு இசை எழுதியவர்கள் ஜெரால்ட் வில்சனும் கில் ஃபுல்லரும். ஹாலிவுட்டில் வயலின் கூட்டம், கோரஸ், அதற்கு எழுதியவர் மார்ட்டி பேச். ஒரு பாதி பேண்ட், ஒரு பாதி வயலின் என்ற அமைப்பை ரே 1959இலேயே ஓர் ஆல்பத்தில் செய்து பார்த்திருந்தார். அதே அச்சில் இப்போது கன்ட்ரியை வார்த்தார்.

இங்கேதான் முக்கியமான முடிவு. கன்ட்ரி என்றால் உடனே காதுக்கு வருவது வழுக்கிக்கொண்டு அழும் ஸ்டீல் கிட்டார், ஃபிடில் (நாட்டுப்புற பாணியில் வாசிக்கும் வயலின்), மூக்கில் பாடும் குரல். இந்த ஆல்பத்தில் அந்த மூன்றும் கிடையாது. வயலின்கள் இருக்கின்றன, ஆனால் அவை ஃபிடில் போல் வாசிக்கவில்லை, சினிமா ஆர்கெஸ்ட்ரா போல் மெத்தென்று விரிகின்றன. ரே குரலை மாற்றிக்கொண்டு தெற்கத்தி வெள்ளைக்காரர் மாதிரிப் பேச முயலவும் இல்லை. மெட்டையும் வரிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் வாசலிலேயே விட்டுவிட்டார்.

இது சரியான முடிவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு பல பாப் பாடகர்கள் செய்த கன்ட்ரி ஆல்பங்களைக் கேட்டுப் பாருங்கள். தொப்பி போட்டுக்கொள்வார்கள், ஸ்டீல் கிட்டாருக்கு ஆள் பிடிப்பார்கள், குரலில் கொஞ்சம் புழுதி தடவுவார்கள். உடுப்பு மாறும், பாட்டு மாறாது. ரே செய்தது நேர்மாறு. உடுப்பைக் கழற்றிவிட்டுப் பாட்டை வைத்துக்கொண்டார். அப்போதுதான் அந்தப் பாட்டுகள் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டவை என்பதே பலருக்குத் தெரிந்தது.

'யூ டோன்ட் நோ மீ' பாட்டை எடுத்துக்கொள்வோம். எடி ஆர்னால்ட் கொடுத்த கருவை வைத்து சிண்டி வாக்கர் எழுதியது. ஆர்னால்ட் 1956இல் பாடினார். அடக்கமான, கண்ணியமான குரல், நல்ல பதிவு. ஒருத்தியை மனசுக்குள் நேசிக்கும் ஒருவன். அவள் கை கொடுத்து ஹலோ சொல்கிறாள், அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, பேச முடியவில்லை. பிறகு அவள் இன்னொருவனோடு நடந்து போவதைப் பார்க்கிறான். அவ்வளவுதான் கதை. ரே பாடும்போது வயலின்கள் முன்னால் போய் நிற்கின்றன, அவர் ஒவ்வொரு வரியிலும் அரை அடி பின்தங்கி வருகிறார். தாளம் அங்கே போய்விட்டது, இவர் இன்னும் சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கிறார். பேச முடியாதவனைப் பற்றிய பாட்டில் பாடகரும் பேசத் தயங்குகிறார். ஒரு வரியின் கடைசியில் குரல் லேசாக உடைந்து மேலே எழும்பி அப்படியே அடங்கும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேட்டால் அந்த இடத்தில் அவர் மூச்சை இழுப்பது கூடக் கேட்கும். ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாட்டு இதுதான். செப்டம்பரில் இது பாப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது.

எல்லாமே இந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். கோரஸ் பல இடங்களில் சர்க்கரை அதிகமான பாயசம் மாதிரி திகட்டுகிறது. 'பார்ன் டு லூஸ்' பாட்டில் ரேயின் குரல் தரையில் உட்கார்ந்து அழுகிறது, கோரஸோ வெள்ளை உடுப்பில் மேடையில் நிற்கிறது. பேண்ட் பாட்டுகளில் 'பை பை லவ்' பறக்கிறது, 'ஹே குட் லுக்கின்' ஜாலியாகப் போகிறது, வேறு ஒன்றிரண்டு வந்ததும் தெரியவில்லை போனதும் தெரியவில்லை. ஆனால் அந்தத் திகட்டும் கோரஸுக்கும் ஒரு வேலை இருந்தது. அன்றைக்கு நடுத்தர வர்க்க வெள்ளையர் வீட்டு வரவேற்பறையில் ஒலித்த இசை அந்த மாதிரிதான். கன்ட்ரிக்காரருக்கும் சொந்தமில்லாத, ப்ளூஸ்காரருக்கும் சொந்தமில்லாத பொதுவான ஓர் ஒலி. அந்த வழியாகத்தான் ரே எல்லோர் வீட்டுக்குள்ளும் போனார்.

பதினோராவது பாட்டு

'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ' பாட்டின் கதை தனி. அதை எழுதிய கன்ட்ரிப் பாடகர் டான் கிப்ஸன் டென்னஸியின் நாக்ஸ்வில் பக்கம் ஒரு டிரெய்லர் வீட்டில் இருந்த சமயம். தவணை கட்டாததால் டி.வி.யையும் வாக்யூம் கிளீனரையும் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். அன்றைக்கே உட்கார்ந்து இரண்டு பாட்டு எழுதினார். ஒன்று 'ஓ லோன்ஸம் மீ', இன்னொன்று இது. 1957 டிசம்பரில் நாஷ்வில்லில் செட் அட்கின்ஸ் தயாரிப்பில் இரண்டையும் பதிவு செய்தார். இது சிங்கிளின் பின்பக்கப் பாட்டாகத்தான் வந்தது.

ரேயின் ஆல்பத்திலும் அதற்கு மரியாதை இல்லை. பன்னிரண்டில் இதுதான் பலவீனம் என்று நினைத்த ஃபெல்லர் வரிசையில் பதினோராவதாக, இரண்டாம் பக்கத்தின் கடைசிக்கு முந்தைய இடத்தில் வைத்தார். சிங்கிளாக விடும் யோசனையும் யாருக்கும் இல்லை. ஆல்பம் வந்ததும் வானொலிக்காரர்கள் தாங்களாகவே அதைத் தேடிப் போட ஆரம்பித்தார்கள். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. டாப் ஹண்டர் என்ற நடிகர்-பாடகர் ரேயின் அரேஞ்ச்மென்டை அப்படியே பிரதி எடுத்து ஒரு சிங்கிள் பதிவு செய்தார். தங்கள் சரக்கை இன்னொருவர் விற்கப் போகிறார் என்று தெரிந்ததும் ஏ.பி.சி. விழுந்தடித்துக்கொண்டு ரேயின் பாட்டைச் சுருக்கி சிங்கிளாக வெளியிட்டது. ஜூன் 2ஆம் தேதி அது முதலிடத்தில் இருந்தது. பின்பக்கத்தில் போட்ட 'பார்ன் டு லூஸ்' கூடத் தன்னால் 41ஆம் இடம் வரை போனது.

அந்தப் பாட்டின் அமைப்பை கொஞ்சம் கவனியுங்கள். கோரஸ் முதலில் வரியைப் பாடுகிறது, நேராக, வெள்ளையாக, பாடப் புத்தகம் மாதிரி. பிறகு ரே அதே வரிக்குப் பதில் சொல்கிறார். இது கறுப்பினத்தவர் கோயிலில் போதகர் சொல்ல சபை பதில் சொல்லும் முறை. ஆனால் இங்கே இடம் மாறியிருக்கிறது, சபை முன்னால் சொல்கிறது, போதகர் பின்னால் வருகிறார். கிப்ஸனின் கன்ட்ரிப் பாட்டு, ஹாலிவுட் வயலின், கறுப்பினக் கோயிலின் முறை, மூன்றும் ஒரே பாட்டில். கடைசிப் பகுதிக்கு முன்னால் ரே கோரஸைப் பார்த்துப் பிள்ளைகளே பாடுங்கள் என்று சொல்வது அப்படியே பதிவாகியிருக்கிறது. சபையை அழைக்கும் குரல்தான் அது. கன்ட்ரிப் பாட்டை அவர் எங்கே கூட்டிக்கொண்டு போனார் என்பதற்கு அந்த ஒரு நொடி போதும்.

யாருடைய பாட்டுகள்?

பாட்டு எழுதியவர்களின் பட்டியலைப் பார்த்தபோது ஒரு பெயரில் நின்றுவிட்டேன். 'வொரீட் மைண்ட்', 'இட் மேக்ஸ் நோ டிஃபரன்ஸ் நௌ' இரண்டிலும் ஜிம்மி டேவிஸ் பெயர் இருக்கிறது. முதலாவது டெட் டாஃபனோடு சேர்ந்து எழுதியது. இரண்டாவது ஃப்ளாய்ட் டில்மன் எழுதி, டேவிஸ் விலை கொடுத்து வாங்கியது. இந்த ஜிம்மி டேவிஸ் கன்ட்ரிப் பாடகர் மட்டுமல்ல, லூசியானா மாநிலத்தின் ஆளுநர். ஆல்பம் வெளிவந்த 1962இல் பதவியில் இருந்தவர். 1960 நவம்பரில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் பள்ளிக்குள் மத்திய அரசின் மார்ஷல்களின் காவலோடு நடந்து போனாளே, அந்தச் சேர்க்கையைத் தடுக்கச் சட்டமன்றத்தைக் கூட்டிச் சட்டம் மேல் சட்டம் போட்டது இவருடைய அரசு.

அந்த ஆளுநரின் பாட்டைத்தான் ரே பாடுகிறார். அதோடு நிற்கவில்லை. அதே வருஷம் அக்டோபரில் இரண்டாம் தொகுதி வந்தது. அதன் முதல் பாட்டு 'யூ ஆர் மை சன்ஷைன்'. டேவிஸின் அடையாளமே அந்தப் பாட்டுதான், 1944 தேர்தலில் ஊர் ஊராகப் பாடி ஓட்டுக் கேட்ட பாட்டு. ரே அதை பேண்டோடு வேகமாக எடுக்கிறார். நடுவில் ரேயோடு பின்னணி பாடும் ரேலெட்ஸ் பெண்கள் குழுவின் மார்ஜி ஹெண்ட்ரிக்ஸ் கரகரத்த குரலில் உள்ளே வந்து பாட்டையே பிடுங்கிக்கொண்டு போகிறார். அது ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் வந்தது. ஓர் ஆளுநர் தன் மாநிலத்தின் பள்ளிக்கூடங்களில் காவல் போட முடிந்தது, தன் பாட்டுக்குப் போட முடியவில்லை.

இதே காலத்தில் ரே தரையில் நடத்திய இன்னொரு சண்டையும் இருக்கிறது. 1961 மார்ச்சில் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் நிகழ்ச்சி. கீழே ஆடும் தளம் வெள்ளையர்களுக்கு மட்டும், கறுப்பினத்தவர் மாடியில் இருந்து பார்க்க வேண்டும் என்று தெரிந்ததும் ரே பாட மறுத்துவிட்டார். ஏற்பாட்டாளர் வழக்குப் போட்டார். 1962 ஜூனில், 'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ' நாட்டின் முதல் பாட்டாக இருந்த அதே மாதத்தில், ஒப்பந்த மீறலுக்காக ரேக்கு 757 டாலர் அபராதம் விதித்தது நீதிமன்றம். இதனால் ஜார்ஜியாவில் அவருக்கு வாழ்நாள் தடை போட்டார்கள் என்று ஒரு கதை உலாவுகிறது, அது உண்மையில்லை. அபராதம் உண்மை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் ஆல்பத்தை வெறும் வியாபாரத் தந்திரம் என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. வெள்ளையர் பணத்துக்காக வளைந்து கொடுத்தார் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். வளைந்து கொடுக்கிறவர் அகஸ்டாவில் பாடிவிட்டுப் போயிருப்பார்.

நாஷ்வில் என்ன செய்தது

பணம் நாஷ்வில்லுக்கும் போனது. ஹாங்க் வில்லியம்ஸ், டான் கிப்ஸன் பாட்டுகளை வைத்திருந்த ஆகஃப்-ரோஸ் போன்ற பதிப்பகங்களுக்கு இந்த ஆல்பம் பெரிய வரவு. கன்ட்ரிப் பாட்டுகளை நகரத்துப் பாடகர்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே டீன் மார்ட்டின் ஒரு கன்ட்ரி ஆல்பம் போட்டார், 1965இல் சுப்ரீம்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் குழுவும் போட்டது.

ஆனால் 1962இன் கன்ட்ரிப் பட்டியலில் ரேயின் இந்தப் பாட்டுகள் எதுவும் ஏறவில்லை. பாப் உலகம் ஏற்றுக்கொண்டது, கறுப்பின வானொலி ஏற்றுக்கொண்டது, கன்ட்ரி வானொலி கதவைத் திறக்கவில்லை. அடுத்த வருஷம் மே மாதத்தில் கிடைத்த விருதைப் பாருங்கள். டான் கிப்ஸனின் கன்ட்ரிப் பாட்டைப் பாடியதற்கு ரேக்குக் கிடைத்த கிராமி இசை விருது, சிறந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் பதிவுக்கானது. பாடியது என்ன என்று கேட்கவில்லை, பாடியது யார் என்று பார்த்துப் பெட்டியில் போட்டார்கள். நாலு வருஷம் கழித்து 1966இல் சார்லி ப்ரைட் என்ற கறுப்பினக் கன்ட்ரிப் பாடகரின் முதல் சிங்கிள்களை ஆர்.சி.ஏ. கம்பெனி வானொலி நிலையங்களுக்குப் படம் இல்லாமல் அனுப்பியது. ரேயின் ஆல்பம் சுவரை இடித்தது என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு தகவலையும் சேர்த்து எழுதலாம். கேட்கிறவர்களின் மனசில் சுவர் இல்லை என்று அது காட்டியது, அதுவரைதான் உண்மை. கடை வைத்திருந்தவர்கள் சுவரைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

ரே கன்ட்ரியை விடவில்லை. 1980களில் நாஷ்வில்லுக்கே போய்ப் பதிவு செய்தார். 1985இல் வில்லி நெல்சனோடு சேர்ந்து பாடிய 'செவன் ஸ்பானிஷ் ஏஞ்சல்ஸ்' கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் வந்தது. 1962க்கும் அதற்கும் நடுவே 23 வருஷம். 2004 ஜூனில் அவர் இறந்தபோது லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயத்தில் வில்லி நெல்சன் 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' பாடினார்.

கன்ட்ரி இசையின் பெரியவர்களைக் கௌரவிக்கும் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் ரேயைத் தேர்ந்தெடுத்தது 2021இல். அதற்கு முன் அந்த இடத்துக்குப் போன கறுப்பினத்தவர்கள் இரண்டே பேர். 2000இல் சார்லி ப்ரைட். 2005இல் டிஃபோர்ட் பெய்லி, கிராண்ட் ஓல் ஆப்ரியின் ஆரம்ப நாட்களில் ஹார்மோனிகா வாசித்து, 1941இல் வெளியே அனுப்பப்பட்டவர். கிரீன்வில்லில் ஒரு சிறுவன் சனிக்கிழமை ராத்திரி தூங்காமல் காத்திருந்து கேட்ட அதே நிகழ்ச்சியில் வாசித்தவர்.

ஆல்பத்தைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் எடி ஆர்னால்டின் 'யூ டோன்ட் நோ மீ'யைக் கேளுங்கள், அப்புறம் ரேயுடையதை. அடுத்து கிப்ஸனின் பின்பக்கப் பாட்டு, அதன் பின்னால் பதினோராவது பாட்டு. பதினோராவதைச் சிங்கிளுக்காகச் சுருக்கிய வடிவில் கேட்காதீர்கள், நாலு நிமிஷத்துக்கு மேல் ஓடும் ஆல்பம் வடிவிலேயே கேளுங்கள்.